அடிக்க மட்டும் ஒருத்தன்

1

ஏ-ஃபோர் பேப்பர் ஒண்ணு. ரெண்டு பக்கம், பதினாலு ரூல். அதுல ஏழாவது ரூல் ஒரே ஒரு வரி: இந்தப் போட்டியில் டி.எச். கிடையாது.

அந்த ஒரு வரியோட நான் ரெண்டு மாசம் மல்லுக்கட்டினேன். மேட்ச் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு, இன்னும் கோவம் அடங்கல. அதான் உக்காந்து டைப் பண்றேன். தப்பு இருந்தா நீங்களே திருத்திப் படிச்சுக்கங்க, எனக்குப் பொறுமை இல்ல.

நான் ஜப்பான் வந்து இந்த வாரத்தோட நாலு வருஷம். ஊர்ல இருந்து எவன் மெசேஜ் பண்ணாலும் செர்ரி பூ ஃபோட்டோ அனுப்பு, புல்லட் ட்ரெயின் பத்தி எழுதுன்னு கேக்கறீங்க. பேரிகைல ரோஜா போடற வீட்ல பொறந்தவன் நான். பூவப் பாத்தா எனக்கு மருந்தடிக்கற டிரம் தான் ஞாபகத்துக்கு வரும். ட்ரெயின் டைமுக்கு வருது, அவ்ளோ தான். அதுக்கு மேல அதுல எழுத ஒண்ணும் இல்ல.

டி.எச்.னா என்னன்னு மொதல்ல சொல்லிடறேன். பேஸ்பால்ல டீமுக்கு ஒம்போது பேரு. ஒம்போது பேரும் ஃபீல்டிங் நிக்கணும், ஒம்போது பேரும் வரிசையா பேட் பிடிக்கணும். இதுல பந்து போடறவன் இருக்கானே, பிட்சர், அவனுக்குப் பெரும்பாலும் அடிக்க வராது. நம்ம கிரிக்கெட்ல பதினொண்ணாவதா எறங்கி கண்ண மூடிட்டு சுத்தற பௌலர் மாதிரி. அதனால அவனுக்குப் பதிலா அடிக்க மட்டும் ஒரு ஆள் வெச்சுக்கலாம். அவன் தான் டி.எச்., டெசிக்னேட்டட் ஹிட்டர். அடிப்பான், ஓடுவான், திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்துக்குவான். ஃபீல்டிங் பக்கமே போக மாட்டான்.

நான் தான் அந்த ஆள். ஆறு வருஷமா அந்த ஆள். காலேஜ்ல ரெண்டு வருஷம், இங்க நாலு.

2

என் வலது கைல ஆள்காட்டி விரலும் நடு விரலும் இல்ல.

செகண்ட் இயர் லீவுல இன்-பிளான்ட் ட்ரெயினிங் போனேன். ஓசூர்ல ஒரு சின்ன பிரஸ் ஷாப். பெரிய கம்பெனிக்கு பிராக்கெட் அடிச்சுக் குடுக்கற வெண்டார். பேரு வேணாம், இப்ப அந்த ஷெட்ல வேற என்னமோ ஓடுது. பவர் பிரஸ்ல கை உள்ள போனா மிஷின் நிக்கறதுக்கு ஒரு சென்சார் இருக்கும். புரொடக்‌ஷன் கொறையுதுன்னு அதக் கழட்டி வெச்சிருந்தாங்க. ஓசூர்ல வேல பாத்த எவனக் கேட்டாலும் இதே கதைய வேற விரலோட சொல்லுவான்.

பேட் பிடிக்க மிச்சம் இருக்கற மூணு விரல் போதும். அடியும் பழைய மாதிரியே விழும். ஆனா பந்து எறியறதுக்கு அந்த ரெண்டு விரல் தான் வேணும். எறிஞ்சா பந்து நான் பாக்கற பக்கம் போகாது, அதுக்குப் புடிச்ச பக்கம் போகும்.

கிரிக்கெட் அதோட முடிஞ்சுதுன்னு கிரவுண்டு ஓரம் சும்மா திரிஞ்சிட்டு இருந்தப்ப தான் எங்க பி.டி. சார் கூப்பிட்டாரு. எங்க காலேஜ்ல சாஃப்ட்பால் டீம் ஒண்ணு இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. அதுல பிட்சர் ஜெபராஜ். கிருஷ்ணகிரி டவுன் பையன், என் கிளாஸ். அவங்கப்பா சர்ச்சுல ஆர்மோனியம் வாசிப்பாரு, இவன் அண்டர்ஆர்ம்ல கைய ஒரு முழு சுத்து சுத்திப் பந்து போட்டான்னா எதிர்ல நிக்கறவனுக்குப் பந்தே தெரியாது. சாஃப்ட்பால்ல டி.எச்.க்கு வேற பேரு, டி.பி. பேப்பர்ல ஒம்போதுக்குப் பதிலா பத்து பேர் எழுதலாம். டி.பி. அடிப்பான், அவன் யாருக்காக அடிக்கறானோ அந்த ஆள் ஃபீல்டிங் மட்டும் நிப்பான். சார் என் பேர டி.பி.ன்னு எழுதினாரு, ஜெபராஜ பத்தாவதா எழுதினாரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு எடம்.

ஹாஸ்டல்ல அன்னிக்கே பேர் வெச்சுட்டானுங்க: ஒப்புக்குச் சப்பாணி. சின்னப் பசங்க வெளையாடறப்ப அழுவாம இருக்க ஒரு பொடியன சும்மா சேத்துக்குவாங்களே, அது. நான் சிரிச்சேன். வேற என்னா பண்றது. உள்ளுக்குள்ள நானும் அப்படித் தான் நெனச்சேன். கை போச்சுன்னு பாவம் பாத்து சார் ஒரு எடம் போட்டுக் குடுத்திருக்காரு, வாங்கிக்கிட்டு மூடிட்டு அடிக்கணும்னு.

ஜோனல் மேட்ச் ஒண்ணு. செமிஃபைனல்ல நாங்க எடுத்த நாலு ரன்ல மூணு என் பேட்ல வந்தது. முடிஞ்சதும் சர்டிஃபிகேட் டேபிள். அங்க உக்காந்திருந்தவரு லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வெச்சுப் பாத்துட்டு, டீம்னா ஒம்போது பேரு தானே தம்பி, நீ எங்க நின்னன்னு கேட்டாரு. எங்கயும் நிக்கல சார், அடிச்சேன்னேன். நிக்காதவனுக்கு எப்படிப்பா குடுக்கறதுன்னாரு. பி.டி. சார் ரூல் புக்க விரிச்சு அந்தப் பக்கத்தக் காட்டி அர மணி நேரம் கத்தினாரு. கடைசில மனசு எறங்கி எழுதிக் குடுத்தாங்க. என் பேரு, காலேஜ் பேரு, அதுக்குப் பக்கத்துல பிளேயர்னு வர வேண்டிய எடத்துல ரிசர்வ். ஒரு பந்து விடாம ஆடினவன் ரிசர்வாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா அப்ளிகேஷன்ல ரிசர்வுக்கு மார்க்கே கெடையாது. அந்தப் பேப்பர இன்னும் வெச்சிருக்கேன். எரியற அன்னிக்கு எடுத்துப் பாத்துக்குவேன், இன்னும் கொஞ்சம் எரியும்.

எங்கம்மாவுக்கு மட்டும் இதுல ஏகப்பட்ட பெருமை. அவங்க புரிஞ்சுக்கிட்டது வேற. மத்தவனெல்லாம் வெயில்ல நின்னு பந்து பொறுக்குவான், எம்பையன் நெழல்ல உக்காந்திருந்து அடிக்க மட்டும் எந்திரிச்சுப் போவான்னு பேரிகை சந்தைல தக்காளி வாங்க வந்தவங்க கிட்ட எல்லாம் சொல்லியிருக்காங்க. ஏதோ ஆபீசர் போஸ்டிங் மாதிரி.

3

இங்க நான் இருக்கறது நகோயாவுக்குப் பக்கத்துல ஒரு ஊரு. நம்ம சிப்காட்டப் பெருக்கித் தொடச்சு, ஹாரன எல்லாம் புடுங்கி வெச்சா எப்படி இருக்கும், அது தான். பிரேக் பார்ட்ஸ் கம்பெனி. என் வேல என்ன தெரியுமா? பிரஸ் லைன்ல சேஃப்டி சென்சார் எல்லாம் ஒழுங்கா வேல செய்யுதான்னு தெனம் செக் பண்ற வேல. இன்டர்வியூல என் கையப் பாத்துட்டு, இவன் செத்தாலும் சென்சாரக் கழட்ட விட மாட்டான்னு எடுத்திருப்பாங்க போல.

பாஷைய நான் பெருசா எடுத்துக்கல. வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், அத்திப்பள்ளி பஸ்ல ஏறினா கன்னடம். மூணோட நாலு. என்ன, லைன்ல ஆளுங்க பேசறத வெச்சுக் கத்துக்கிட்டதால என் ஜப்பானீஸ்ல மரியாத கம்மி. பேங்குல போய், டேய் அந்த ஃபார்ம எடுன்ற ரேஞ்சுல பேசியிருக்கேன்னு ஆறு மாசம் கழிச்சு தான் தெரிஞ்சுது.

வந்த புதுசுல எல்லாரும் என் கையப் பாப்பாங்க. பாத்துட்டு ஒரு நிமிஷம் கழிச்சு முகம் தெளிவாகும். என்னடா இதுன்னு கொழம்பினேன். அப்புறம் ஒருத்தன் தண்ணி போட்டுட்டு சொன்னான்: இங்க ரவுடி கும்பல்ல தப்பு பண்ணினவன் சுண்டு விரல வெட்டிக் குடுப்பானாம். அதனால எனக்கு சுண்டு விரல் இருக்கான்னு பாத்திருக்காங்க. இருந்துச்சு. ஆள் நல்லவன்னு முடிவு பண்ணிட்டாங்க.

கம்பெனில ஒரு பேஸ்பால் டீம் இருக்கு. ஞாயித்துக்கெழம காலைல ஆத்தங்கரை கிரவுண்டுல ரப்பர் பந்துல ஆடுவாங்க. கேப்டன் மோரி சான், சான்னா நம்ம சார் மாதிரி, ஐம்பத்திரெண்டு வயசு, குவாலிட்டி டிபார்ட்மென்ட், அவரே பிட்சர். மொத நாள் நான் கையக் காட்டி, எறிய முடியாது, அடிக்க முடியும்னேன். பத்து பந்து போட்டாரு. மூணு ஆத்துக்குள்ள போச்சு. டி.எச்.னாரு. வேற ஒண்ணும் கேக்கல. நாலு வருஷமா அவருக்குப் பதிலா நான் அடிக்கறேன்.

இப்ப ரூல் விஷயத்துக்கு வரேன். இதக் கேட்டா உங்களுக்கும் எரியும்.

அமெரிக்காவுல பெரிய லீக்ல ரொம்ப வருஷம் பாதி டீமுக்கு டி.எச். உண்டு, மீதி டீமுக்குக் கெடையாது. சமீபத்துல தான் எல்லாருக்கும்னு ஆக்கினாங்க. பிட்சருக்கே நல்லா அடிக்க வந்தா, அவன் பந்து போடறத நிறுத்தினாலும் டி.எச்.ஸா தொடரலாம்னு ஒரு ரூல் வேற போட்டாங்க. அங்க ஸ்கூல் பசங்களுக்கு பிட்சருக்குப் பதிலா தான்னு இல்ல, எந்த ஃபீல்டருக்குப் பதிலாவும் ஒருத்தன் அடிக்கலாம். குட்டிப் பசங்க லீக்ல இந்தப் பஞ்சாயத்தே இல்ல, பல எடத்துல வந்த பசங்க எல்லாரும் வரிசையா அடிப்பாங்க. வயசானவங்க ஆடற ஸ்லோ சாஃப்ட்பால்ல எக்ஸ்ட்ராவா ஆள சேத்துக்கலாம். ஜப்பான்ல ஒரு புரொஃபஷனல் லீக்ல அம்பது வருஷமா இருக்கு, இன்னொரு லீக்ல அடுத்த வருஷம் தான் வருது. ஹைஸ்கூலுக்கு இந்த வருஷம் ஸ்பிரிங்ல தான் வந்துச்சு. சாஃப்ட்பால்ல பத்து பேரு. ஞாயித்துக்கெழம மேட்ச்ல ரெண்டு கேப்டனும் கை குடுத்து என்ன பேசிக்கறாங்களோ அது தான் ரூல்.

ஒரே கை. ஒரே பேட். ஒரே நான். எந்த கிரவுண்டுல நிக்கறேன்றத வெச்சு நான் பிளேயரா இல்லையான்னு ஒரு பேப்பர் முடிவு பண்ணுது. இந்த கிரவுண்டுல நான் நாலாவது பேட்ஸ்மேன், பக்கத்து கிரவுண்டுல நான் வேடிக்க பாக்க வந்தவன்.

எங்க டீம் நாலு வருஷத்துல மொத தடவையா சிட்டி டோர்னமென்ட்டுக்கு செலக்ட் ஆச்சு. அதுக்கு வந்த பேப்பர்ல தான் அந்த ஏழாவது ரூல். கேன்டீன்ல மோரி சான் அத என் முன்னாடி வெச்சுட்டு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. டி.எச். இல்லாம கஷ்டம், ரொம்பக் கஷ்டம்னு ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கு அந்தத் தொங்கின தலையப் பாத்து தான் வெறி ஏறிச்சு. எனக்காக எவனும் தலையத் தொங்கப் போட வேணாம்.

4

சிட்டி ஆபீஸ் ஸ்போர்ட்ஸ் செக்‌ஷன், மூணாவது மாடி. டோக்கன் எடுத்து உக்காந்தேன். கவுன்டர்ல என் வயசு ஆள் ஒருத்தர். நம்ம ஊரு ஆபீஸ் மாதிரி நாளைக்கு வான்னு சொல்லல, சாப்பாட்டுக்குப் போயிட்டாருன்னு சொல்லல. எந்திரிச்சு நின்னு குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு முடியாதுன்னாரு. எனக்கு நம்ம ஊரே பரவால்லன்னு இருந்துச்சு. அங்கயாவது கத்தலாம். குனியறவன் கிட்ட எப்படிக் கத்தறது?

ஏன் டி.எச். இல்லன்னு கேட்டேன். எப்பவும் இல்லன்னாரு. ஹைஸ்கூல் பசங்களுக்கே வந்துடுச்சேன்னேன். ஆமா வந்துடுச்சுன்னு அவரும் சந்தோஷப்பட்டாரு. அப்ப இங்க? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லன்னாரு. இப்ப நான் கேக்கறேன்ல? அவரு உள்ள போய் மூணு பேர் கிட்டப் பேசிட்டு வேற ஒரு ஃபார்மோட வந்தாரு. உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு அனுமதி விண்ணப்பம்.

அந்த ஃபார்ம நான் கைல வாங்கினப்பவே கிழிச்சுப் போட்டிருக்கணும். போடல. ஆட்டம் ஆடணும்ல. ஓசூர் ஜி.எச்.ல குடுத்த சர்டிஃபிகேட் கேட்டாங்க. அது தமிழ்ல இருக்கு, ஜப்பானீஸ்ல மொழிபெயர்த்துக் குடுக்கணும். இந்த ஊர்ல அத யார் பண்றது? நான் தான். ராத்திரி சாப்ட்டுட்டு உக்காந்து, வலது கை, ரெண்டாவது விரல், மூணாவது விரல், அடிக்கணு வரை இழப்புன்னு டிக்‌ஷனரி பாத்து என் கைய நானே மொழிபெயர்த்தேன். கூடவே கையோட ஃபோட்டோ ரெண்டு, முன்பக்கம் பின்பக்கம். கவுன்டர்ல டேபிள் மேல கைய விரிச்சு வெச்சுக் காட்டினேன். பின்னாடி வரிசைல நீச்சல் குளத்துக்கு பாஸ் வாங்க வந்த பொம்பளைங்க எல்லாம் பாத்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. அழகான பேப்பர், செவப்பு முத்திர. போட்டி எல்லாருக்கும் சமம்ன்றதால டி.எச். அனுமதிக்க முடியாது. ஆனா என் நெலமையப் பரிசீலிச்சு ஒரு சலுக குடுத்திருக்காங்களாம். நான் அடிச்சதுக்கு அப்புறம் எனக்குப் பதிலா வேற ஒருத்தர் ஓடலாம்.

திரும்பப் படிச்சேன். ரன்னர். எனக்கு. யோவ், போனது கை விரல்யா. கால் நல்லா இருக்கு. பாகலூர் ரோட்டுல பஸ்ஸு பின்னாடி ஓடி ஏறின கால் அது. கை இல்லாதவனுக்குக் கால் குடுக்கறாங்க. குடுத்துட்டு கீழ ரெண்டு கையெழுத்து.

5

அந்த லெட்டரோட அடுத்த நாள் லாக்கர் ரூமுக்குப் போனா, சுவத்துல டோர்னமென்ட் லைன்-அப் ஒட்டியிருக்கு. மோரி சான் கையெழுத்து. ஒம்போது பேரு. ஒம்போதாவது, பிட்சர், மோரி. நாலாவது, ஃபர்ஸ்ட் பேஸ், ஷீனு. என் பேரு சீனு, இவங்களுக்கு அப்படித் தான் வரும்.

ஃபர்ஸ்ட் பேஸ்னா மொத முனைல நிக்கணும். மத்தவங்க பந்தப் பொறுக்கி உங்கிட்ட எறிவாங்க, நீ ஒரு கால பேஸ் மேல வெச்சுக்கிட்டுப் புடிக்கணும். ஓடி வர்றவன் பேஸ மிதிக்கறதுக்கு முன்னாடி பந்து உன் கிளவுஸுக்குள்ள வந்துட்டா அவன் அவுட். ஒம்போது எடத்துல எறியற வேல ரொம்பக் கம்மியா இருக்கறது அங்க தான். கிளவுஸு போடறது இடது கைல. என் இடது கைல அஞ்சு விரலும் இருக்கு.

இதெல்லாம் இப்ப பொறுமையா எழுதறேன். அன்னிக்கு எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணு: யாரக் கேட்டு என் பேர எழுதினாரு? இது ரன்னர விடக் கேவலம்னு பட்டுச்சு. எங்கயாச்சும் ஒரு ஓரத்துல நிக்க வெப்போம் பாவம்னு தான எழுதியிருக்காரு? நேரா போய், நான் வரல, வேற ஆளப் பாத்துக்கங்கன்னேன். அவரு ஏன்னு கேக்கல. யோசிச்சுட்டு வெள்ளிக்கெழம சொல்லுன்னாரு.

ரூமுக்கு வந்து ஜெபராஜுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிஃப்ட் இன்சார்ஜ். மெஸ்ல உக்காந்து புளிச்சோறு தின்னுட்டு இருந்தான். நான் எல்லாத்தையும் கொட்டினேன். சிட்டி ஆபீஸ், ரன்னர், லைன்-அப், பாவம் பாக்கற கேப்டன். காலேஜ்ல பி.டி. சார் பாவம் பாத்தாரு, இங்க இந்தாளு பாக்கறாருன்னேன்.

அவன் மென்னுட்டு இருந்தத நிறுத்தினான். "யாரு மச்சி சொன்னா, சார் உன்னப் பாவம் பாத்தாருன்னு?"

"பின்ன? கை போனவனுக்கு அடிக்க மட்டும் ஒரு எடம்."

"டேய் லூசு. அது உனக்குப் போட்ட எடம் இல்லடா. எனக்குப் போட்டது."

எனக்குப் புரியல. அவன் தட்ட ஓரமா தள்ளி வெச்சுட்டு சொன்னான். நான் டீமுக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் அவன் ஏழு மேட்ச்ல பேட் பிடிச்சானாம். ஒரு அடி கூட விழலயாம். தர்மபுரி காலேஜ் கூட ஆடறப்ப அவன் பேட்ட எடுத்துட்டு வந்தாலே அவங்க ஃபீல்டருங்க தண்ணி குடிக்கப் போவாங்களாம். எனக்கு விரல் போறதுக்கு முன்னாடியே, இவனுக்குப் பதிலா அடிக்க ஒருத்தன் வேணும்னு சார் ஆள் தேடிட்டு இருந்திருக்காரு. விரல் போனதுக்கு அப்புறம் ஒரு நாள் கிரவுண்டு ஓரமா நான் டென்னிஸ் பந்த அடிச்சு ஹாஸ்டல் கண்ணாடிய ஒடைச்சேன். அது அவரு கண்ணுல பட்டிருக்கு.

"இத ஏன்டா இத்தன வருஷமா சொல்லல?"

"எனக்கு அடிக்க வராதுன்னு நானே எப்படிடா சொல்றது? நீ வேற எப்பப் பாத்தாலும் உன் கையவே பாத்துட்டு இருந்த."

"சரி, ஃபீல்டிங் நிக்கவாச்சும் சொல்லியிருக்கலாம்ல. சாஃப்ட்பால்ல டி.பி. நிக்கலாம்னு ரூலே இருக்கு."

"நீ கேக்கலயே மச்சி."

கால கட் பண்ணிட்டேன். கோவம். யார் மேலன்னு தெரியாத கோவம். ஏன்னா அந்த ரூல் எனக்கு மனப்பாடம். பேஸ்பால்ல டி.எச். ஃபீல்டிங் போனா டீமுக்கு டி.எச்.ஸே போயிடும், பிட்சர் பேட் பிடிக்கணும். சாஃப்ட்பால்ல அப்படி இல்ல, டி.பி. எப்ப வேணா ஃபீல்டிங் போலாம், டீமுக்கு ஒண்ணும் ஆவாது. சர்டிஃபிகேட் டேபிள்ல பி.டி. சார் விரிச்சுக் காட்டினாரே, அதே பக்கம், மேல இருந்து நாலாவது வரி. எத்தன தடவ படிச்சிருப்பேன். படிப்பேன், அடுத்த வரிக்குப் போயிடுவேன். அந்த வரி எனக்கு இல்லன்னு எனக்கு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். ரிசர்வ்னு எழுதினவரு ஒரு தடவ தான் எழுதினாரு. நான் ஆறு வருஷமா எழுதிட்டு இருந்திருக்கேன்.

வெள்ளிக்கெழம மோரி சான் கிட்ட, வரேன்னேன். ஆனா ரன்னர் வேணாம்னேன். ரன்னரா, என்ன ரன்னர்னு கேட்டாரு. லெட்டரக் காட்டினேன். படிச்சுட்டு, இவங்களுக்குக் கைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதான்னு கேட்டாரு. நாலு வருஷத்துல அந்த மனுஷன் என் கையப் பத்திப் பேசினது அது ஒண்ணு தான்.

6

மேட்ச் போன ஞாயித்துக்கெழம. எதிர் டீம் ஒரு லாரி கம்பெனி. எல்லாம் ஆளு ஆளா இருந்தானுங்க.

பேஸ்பால்ல மூணு அவுட்டுக்கு ஒரு தடவ பக்கம் மாறும், அதனால நெறைய இன்னிங்ஸ். ரெண்டாவது இன்னிங்ஸ்லயே எனக்கு வெச்சாங்க ஆப்பு. பந்து எங்கிட்ட வந்துச்சு, ஒருத்தன் ரன் எடுக்க ஹோமுக்கு, அதான் பேட் பிடிக்கற முனைக்கு, ஓடறான், எறியணும். எறிஞ்சேன். அங்க நிக்கற கேட்சருக்கு ரெண்டு ஆள் தள்ளிப் போச்சு. ஒரு ரன். டீமே சேந்து பரவால்ல பரவால்லன்னு கத்துது. இளகின கொரல்ல. ஓசூர் ஜி.எச்.ல கட்டு பிரிக்கறப்ப நர்ஸக்கா பேசின அதே கொரல். அதக் கேட்டாலே எனக்குப் பல்லு கூசும். திட்டுங்கடா, மத்தவன்னா திட்டியிருப்பீங்கல்ல?

நான் ரெண்டு அடிச்சேன். ஒண்ணுல ரெண்டு ரன் வந்துச்சு. ரெண்டு தடவையும் என் கால்ல தான் ஓடினேன். ரன்னர் வேணுமான்னு அம்பயர் அந்த லெட்டர வெச்சுக்கிட்டுக் கேட்டாரு, நான் ஓடிக் காட்டினேன்.

அஞ்சாவது இன்னிங்ஸ். மூணு பேஸ்லயும் எங்க ஆளு, ரெண்டு அவுட். பேட் பிடிக்க வந்தது மோரி சான். நாலு வருஷமா அந்த எடத்துல நான் தான் நிப்பேன். அவரு நின்னாரு. பந்து போடறப்ப அந்தக் கை எவ்ளோ அழகா வரும் தெரியுமா. பேட்ட வெச்சுக்கிட்டு அதே மனுஷன் வாழக்கட்டையத் தூக்கிட்டு நிக்கற மாதிரி நின்னாரு. லாரி கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு சிரிச்சானுங்க. மூணு பந்து, மூணுக்கும் காத்த அடிச்சாரு, அவுட். திரும்பி வந்து என் பக்கத்துல ஹெல்மெட்டக் கழட்டி வெச்சுட்டு, "இதுக்குத் தான் ஷீனு, டி.எச். இல்லாம கஷ்டம்னு அன்னிக்கே சொன்னேன்"னாரு.

கேன்டீன்ல தலையத் தொங்கப் போட்டது எனக்காக இல்ல. தனக்காக. இந்த மூணு பந்துக்காக.

நான் தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தேன்.

கடைசி இன்னிங்ஸ். நாங்க மூணு, அவங்க ரெண்டு. ரெண்டு அவுட், மூணாவது பேஸ்ல ஒருத்தன் நிக்கறான். இன்னும் ஒரே ஒரு அவுட். மோரி சான் போட்டாரு, அடிச்சவன் தரையோட உருட்டினான், எங்காளு ஒருத்தன் எடுத்து எனக்கு எறிஞ்சான். கொஞ்சம் தாழ்வா, கொஞ்சம் முன்னாடி விழுந்த மாதிரி வந்துச்சு. வலது கால பேஸ் மேல வெச்சுக்கிட்டு முடிஞ்ச வரைக்கும் நீட்டினேன். புடிச்சேன். பந்து கிளவுஸுக்குள்ள. அடிச்சுட்டு ஓடி வந்தவனுக்கு இன்னும் ஒரு எட்டு பாக்கி.

அம்பயர் ரெண்டு கையையும் விரிச்சாரு. சேஃப். என் கால் பேஸ விட்டு வந்துடுச்சாம்.

மூணாவது பேஸ்ல இருந்தவன் ஹோமுக்குப் போயிட்டான். மூணு மூணு. அடுத்த ஆள் அடிச்சான், இன்னொரு ரன், முடிஞ்சுது. தோத்துட்டோம்.

பார்க்கிங்ல வேன் பக்கத்துல மோரி சான் என்னப் புடிச்சாரு. மூஞ்சி செவந்திருந்துச்சு. "கால ஏன் எடுத்த?"

"எடுக்கல."

"எடுத்த. நான் பாத்தேன்."

"பந்து போடற எடத்துல இருந்து உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவரு டிஃபன் பாக்ஸ் மூடிய எடுத்துத் தரைல வெச்சாரு. இது தான் பேஸு, வந்து நில்லுன்னாரு. நின்னேன். நீட்டுன்னாரு. நீட்டினேன். குதிகால் தூக்குது பாரு, நுனிக் கால்ல நிக்காத, உள்பக்கமா வெய்யி, ஏழு வயசுப் பசங்களுக்கே தெரியும் இது, நாலு வருஷம் பெஞ்சுல உக்காந்து என்னத்தப் பாத்தன்னு கத்தினாரு. லைன்ல பேசற அதே மரியாத இல்லாத ஜப்பானீஸ்ல. நானும் அதே ஜப்பானீஸ்ல கத்தினேன். மூணு பந்த காத்துல அடிச்ச ஆளு என்னக் கேக்க வந்துட்டீங்களான்னேன். மீதி ஏழு பேரும் வேனுக்குள்ள ஏசியப் போட்டுட்டு எங்களப் பாத்துட்டு இருந்தாங்க. பத்து நிமிஷம். ஒருத்தனும் பரவால்லன்னு சொல்லல.

அம்மா சாயங்காலம் கூப்பிட்டாங்க. ஜெயிச்சியான்னு கேட்டாங்க. தோத்துட்டோம், என்னால தான்னு கேப்டன் திட்டறாருன்னேன். உன்னயா, நீ அடிக்கற ஆளு தானே, உன்ன எதுக்குத் திட்டணும்னு அவங்களுக்குக் கோவம். நின்னேம்மா, அதான் திட்டறாருன்னேன். வெயில்லயான்னு கேட்டாங்க. ஆமான்னேன். சந்தைல சொல்ல இனி அவங்க வேற ஏதாவது கண்டுபுடிக்கணும்.

எங்க டீம் பையன் ஒருத்தன் ஃபோன்ல எடுத்த வீடியோ எங்கிட்ட இருக்கு. மூணு நாளா ஸ்லோ மோஷன்ல பாத்துட்டு இருக்கேன். ஜெபராஜுக்கு அனுப்பினேன், பி.டி. சாருக்கு அனுப்பச் சொன்னேன், மோரி சானுக்கு நாளைக்குக் காட்டப் போறேன். அந்த அம்பயர் சொன்னது தப்பு. குதிகால் தூக்கிச்சு, சரி, ஒத்துக்கறேன். ஆனா பெருவிரல் இருக்குல்ல, பெருவிரல், அது பேஸ் மேல தான் இருந்துச்சு.